டம்ளர் தண்ணீரில் கணக்குத் தப்பினால் எங்கே பார்ப்பது

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், தடப்பள்ளி வாய்க்கால் ஓரத்து ஊர் ஒன்றில் பொழுதோட (சாயங்காலத்தில்) பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறேன். பதினேழு வருடம் ஆகிறது. திண்ணையில் கரும்பலகை உண்டு. ஆனால் பின்னம் நடக்கும் மாதங்களில் அதிகம் உழைப்பது ஒரு கண்ணாடி டம்ளரும் ஒரு சொம்பு தண்ணீரும்தான். பிள்ளைகளின் கோளாறு போதாதென்று, அவர்களைக் கூட்டிப்போக வரும் அம்மாக்கள் சாதம் குழைந்த கதையைச் சொல்வார்கள். பக்கத்துத் தோட்டத்து அப்பாரு (தாத்தா) பயிருக்கு அடிக்கும் மருந்து டேங்க் கணக்கைக் கேட்பார். திரும்பத் திரும்ப ஒரே கோளாறைப் பார்த்ததில் எனக்கு ஒன்று பிடிபட்டது. கூட்டல் கழித்தலில் தப்புவது குறைவு. எதை முழுசு என்று வைத்துக்கொண்டோம் என்பதில்தான் பாதிப் பேருக்கு இடறுகிறது. அதனால் யார் வந்து எதைக் கேட்டாலும் என் முதல் கேள்வி இதுதான்: "எதுல பாதி கண்ணு?"

உங்களுக்கு வந்திருக்கிற கோளாறின் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அடுத்த பத்தியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். தயார் செய்யாத டம்ளரை வைத்துக்கொண்டு கோளாறு தேடினால் கோளாறுதான் கூடும்.

முதல் வேலை: டம்ளருக்குக் குறி போடுவது

வாயும் அடியும் ஒரே அகலமாக இருக்கிற கண்ணாடி டம்ளர் ஒன்று வேண்டும். கிடைக்காவிட்டால் நேராக நிற்கிற ஜாம் பாட்டில் போதும். நாலு ரப்பர் பேண்டு. மருந்துக்கடையில் ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சு ஒன்று. வீட்டில் சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் ஒரு மி.லி. தண்ணீர் ஒரு கிராம். காலி டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, 200 காட்டும் வரை தண்ணீர் ஊற்றுங்கள். அந்த மட்டத்தில் முதல் ரப்பர் பேண்டு. அதுதான் இனி நமக்கு ஒன்று. பிறகு 150, 100, 50 என்று குறைத்துக்கொண்டே வந்து மற்ற மூன்றையும் மாட்டுங்கள். தராசு இல்லையென்றால் சிரிஞ்சில் ஐந்து முறை ஊற்றினால் 50. பத்து நிமிட வேலை.

விளிம்பு வரை நிறைத்து அதை ஒன்று என்று வைக்க வேண்டாம். தளும்ப ஊற்றிய டம்ளரில் தண்ணீர் விளிம்புக்கு மேலேயே கொஞ்சம் புடைத்து நிற்கும். ஒவ்வொரு முறையும் அது ஒவ்வொரு அளவு. தூக்கும்போது வேறு சிந்தும்.

அறிகுறி: இரண்டு அரை டம்ளரைச் சேர்த்தால் ஒரு டம்ளர் ஆகவில்லை

முதலில் கண்ணைச் சந்தேகப்படுங்கள், காசு செலவில்லை. நின்றுகொண்டு மேலிருந்து பார்த்தால் தண்ணீர் குறியை விட ஏறியோ இறங்கியோ தெரியும். குனிந்து, தண்ணீர் மட்டமும் கண்ணும் நேராக வருமாறு பாருங்கள். தண்ணீர் ஓரத்தில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு சற்று ஏறி நிற்கும். அந்த ஓரத்தைப் படிக்கக் கூடாது, நடுவில் தாழ்ந்திருக்கிற மட்டத்தைப் படிக்க வேண்டும்.

அடுத்தது டம்ளர் நிற்கிற இடம். எங்கள் திண்ணை மழைத்தண்ணீர் வடிய வாட்டம் விட்டுக் கட்டியது. முதல் வருடம் முழுக்க இது தெரியாமல் பிள்ளைகளைத் திட்டியிருக்கிறேன். டம்ளரை இருந்த இடத்திலேயே அரைச் சுற்றுத் திருப்புங்கள். முன்பு குறிக்குக் கீழே இருந்த தண்ணீர் இப்போது குறிக்கு மேலே தெரிந்தால் ரப்பர் பேண்டு கோணலாக இருக்கிறது. திருப்பியும் மாறாவிட்டால், டம்ளரைத் தொடாமல் சுற்றி வந்து எல்லாப் பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் குறிக்குக் கீழேயும் எதிர்ப்பக்கம் மேலேயும் தெரிந்தால் தரையில் வாட்டம் இருக்கிறது. இரண்டும் இல்லையென்றால் டம்ளர்தான்.

டம்ளர் என்றால், சரிவுச் சுவர் டம்ளர். வீட்டு எவர்சில்வர் டம்ளர்கள் பெரும்பாலும் வாய் அகன்று அடி குறுகியவை. வாய் 8 செ.மீ., அடி 6 செ.மீ., உயரம் 10 செ.மீ. என்று ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது கிட்டத்தட்ட 387 மி.லி. பிடிக்கும். அதன் பாதி 194. ஆனால் 5 செ.மீ. உயரத்துக்கு ஊற்றினால் 166 மி.லி.தான் இருக்கும், நூற்றுக்கு 43 பங்கு. உண்மையான பாதி வேண்டுமென்றால் 5.7 செ.மீ. வரை ஊற்ற வேண்டும். "பாதி உயரம்" வேறு, "பாதித் தண்ணீர்" வேறு. பிள்ளைகளுக்கு இது புரிகிற நாளில் ஒருவரையொருவர் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். இத்தனை நாள் தம்பிக்குப் பாதிப் பால் என்று பாதி உயரம் ஊற்றிக்கொடுத்து ஏமாற்றியது ஞாபகம் வந்துவிடும்.

டம்ளர் நேர்ச்சுவரா என்று சந்தேகமா? ஸ்கேலை வாயில் ஒருமுறை, அடியில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். நேர்ச்சுவர் டம்ளராக இருந்தால் குறியே இல்லாமல் பாதி எடுக்கலாம். நிறைத்துவிட்டு மெதுவாகச் சாய்த்து ஊற்றிக்கொண்டே வாருங்கள். தண்ணீர் ஒரு பக்கம் வாயின் விளிம்பைத் தொட்டு, எதிர்ப்பக்கம் அடியின் மூலையைத் தொடும்போது நிறுத்தினால் மீதி சரியாகப் பாதி. மேலே சொன்ன சரிவு டம்ளரில் இதே வேலையைச் செய்தால் மீதம் நிற்பது நூற்றுக்கு 39 பங்குதான். ஆகவே இந்த வித்தையை எவர்சில்வர் டம்ளரில் காட்டி அசிங்கப்பட வேண்டாம்.

இந்தக் கோளாறுக்கு ஆள் கூப்பிடத் தேவையில்லை. ஜாம் பாட்டில் தீர்த்துவிடும்.

அறிகுறி: மூன்றில் ஒன்றை விட நாலில் ஒன்றுதான் பெரிசு என்கிறது பிள்ளை

என்னிடம் வருகிற கோளாறுகளில் இதுதான் அதிகம். நாலாம் வகுப்பு முடித்த ஒரு பையன் சொன்னதை அப்படியே தருகிறேன்: "நாலு பெருசுங்க டீச்சர். அப்ப நாலுல ஒண்ணு தானுங்க பெருசு." அவன் கணக்கில் ஒரு நியாயம் இருக்கிறது. இத்தனை வருடம் பெரிய எண் என்றால் பெரிய அளவு என்றுதானே சொல்லிக்கொடுத்தோம்.

இங்கே கோளாறு இரண்டு வகை. பிரித்துப் பார்க்க ஒரே கேள்வி போதும். எண்ணே சொல்லாமல், "ஒரு டம்ளர் மோரை மூணு பேர் பங்கு போட்டா உனக்கு நெறைய கிடைக்குமா, நாலு பேர் பங்கு போட்டா நெறைய கிடைக்குமா?" என்று கேளுங்கள்.

"மூணு பேருனா" என்று உடனே சொன்னால் உள்ளே விஷயம் சரியாகத்தான் இருக்கிறது, எழுத்தில்தான் இடறல். ஒரே மாதிரி ஏழு டம்ளர் எடுங்கள். 200 மி.லி. அளந்து மூன்றில் சமமாக ஊற்றச் சொல்லுங்கள். இன்னொரு 200 அளந்து நாலில். ஒவ்வொரு வரிசையிலிருந்தும் ஒரு டம்ளரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அதற்கு முன்னால் சீட்டில் 1/3, 1/4 என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். எழுதுவதைப் பிள்ளையே செய்ய வேண்டும். கோட்டுக்குக் கீழே இருப்பது தண்ணீர் இல்லை, பங்கு போட வந்த தலைகள் என்று நான் சொல்வேன். தலை கூடினால் பங்கு குறையும். ஒறம்பரை (சொந்தக்காரர்கள்) நிறைந்த வீட்டுப் பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம்.

"நாலு பேருனா" என்று சொன்னாலோ, முழித்தாலோ பின்னத்தை மூடி வையுங்கள். பங்கு போடுவதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒரு வாரம் தினமும் வீட்டில் பால், முறுக்கு, நிலக்கடலை எதுவானாலும் அந்தப் பிள்ளைதான் பிரித்துத் தர வேண்டும். பிரித்தவர் கடைசியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டால் கை தானாக நியாயமாகிவிடும்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு, அடிக்கடி வராது. பிள்ளை சொல்வது சரியாகவே இருக்கும், நாம்தான் தப்பாகக் கேட்டிருப்போம். பெரிய சொம்பின் கால் பங்கு சின்ன டம்ளரின் மூன்றில் ஒன்றை விட அதிகம்தான். புத்தகப் படத்தில் இரண்டு வட்டங்கள் வேறு வேறு அளவில் அச்சாகியிருந்தால் இப்படி ஆகும். எதில் கால், எதில் மூன்றில் ஒன்று என்று கேட்ட பிறகுதான் சரி தப்புச் சொல்ல வேண்டும்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: முதலில் கண். குறியைப் படிக்கப் பிள்ளை டம்ளரை மூக்குக்குப் பக்கம் கொண்டுபோனால் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். இரண்டு பிள்ளைகளுக்கு நான் கணக்கு என்று நினைத்தது கண்ணாடியில் தீர்ந்தது. கண் சரி, தினமும் பழகியும் இரண்டு மாதத்தில் அசைவில்லை, ஐந்தும் எட்டும் எது பெரியது என்பதற்கே ஒவ்வொரு முறையும் விரல் விட வேண்டியிருக்கிறது என்றால் திட்டிப் பயனில்லை. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். பள்ளித் தலைமையாசிரியரிடம் சொன்னால் வழி செய்வார்.

அறிகுறி: அரையும் காலும் கூட்டினால் ஆறில் இரண்டு

மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் நாலும் ஆறு. 2/6. விடைத்தாளில் இது வந்தால் சிவப்பு மையை எடுக்க வேண்டாம், டம்ளரை எடுங்கள்.

ஒரு நாள் நடந்தது. அரைக் குறி வரை தண்ணீர் இருந்தது. அப்படி எழுதிய பெண்பிள்ளையிடம், "இதுல இன்னும் கால் ஊத்து சாமி" என்றேன். ஊற்றினாள். "ஏறுச்சா எறங்குச்சா?" "ஏறுச்சுங்க." "ஆறுல ரெண்டுன்னா எவ்வளவு?" ஜாம் பாட்டிலை உற்றுப் பார்த்தாள். மூன்றில் ஒன்று என்று அவளுக்கே தெரியும். மூன்றில் ஒன்று அரையை விடக் குறைவு என்பதும் தெரியும். இருந்த தண்ணீரோடு இன்னும் ஊற்றியும் குறைந்துபோனது எப்படி? சித்த நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் விரலை ஒவ்வொரு ரப்பர் பேண்டாக வைத்து எண்ணினாள். "அரைங்கறது ரெண்டு காலுங்க டீச்சர்." அவ்வளவுதான். 2/4, அதோடு 1/4, ஆக 3/4. பகுதியைச் சமமாக்கு என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

காரணங்களை வரிசையாகச் சொன்னால்: அவசரம், பின்னத்தை மேலொன்று கீழொன்று இரண்டு தனி எண்களாகப் பார்ப்பது, பங்கின் அளவு ஒன்றாக இல்லாமல் எண்ணக் கூடாது என்பது தெரியாதது. முதலாவதுக்கு, "விடை அரையை விடப் பெரிசா?" என்று கேட்டாலே பிள்ளை திருத்திக்கொள்ளும். மற்ற இரண்டுக்கும் ஊற்றிக்காட்டுவதுதான்.

இதோடு சேர்ந்து வருவது, "பெருக்கினேன், குறைஞ்சு போச்சு". அரையை அரையால் பெருக்கினால் கால் வருகிறதே என்று அழுகை. பெருக்கல் என்ற சொல்லே குழப்புகிறது. "அரை டம்ளர்ல அரை எடு" என்று சொல்லுங்கள், கால் குறியில் வந்து நிற்கும். வகுத்தலும் அப்படித்தான். ஒரு டம்ளர் தண்ணீரைக் கால் டம்ளராக எத்தனை முறை ஊற்றலாம்? நாலு. ஆக ஒன்றைக் காலால் வகுத்தால் நாலு.

அறிகுறி: அரை, கால் வருகிறது, மூன்றில் ஒன்று எடுக்க வரவில்லை

இதில் பிள்ளையின் தவறு எதுவுமில்லை. நம் பேச்சே பாதி பாதியாகப் போகிற பேச்சு. முழுசில் பாதி அரை, அதில் பாதி கால், அதில் பாதி அரைக்கால், அதிலும் பாதி வீசம், அதாவது பதினாறில் ஒன்று. பழைய முகத்தலளவையும் அப்படியே: இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. பாதியாக்குவதைக் கண்ணே செய்துவிடும். மூன்றில் ஒன்றுக்கு வாயில் புழங்குகிற தனிப் பெயரும் இல்லை, கைக்கும் அது பழக்கமில்லை.

எளிய வழி, ஒரே மாதிரி மூன்று டம்ளரை ஒட்டி வைத்து, ஏற்றி இறக்கி மட்டம் பார்ப்பது. சரி, ஒரே டம்ளரில் குறி வேண்டும் என்றால்? அதற்குக் கோடு போட்ட நோட்டு போதும். நேர்ச்சுவர் டம்ளரின் தண்ணீர் உயரத்துக்கு ஒரு காகிதப் பட்டை வெட்டுங்கள். நோட்டின் ஒரு கோட்டில் பட்டையின் ஒரு முனையை வையுங்கள். மறு முனை, அதிலிருந்து எண்ணி மூன்றாவது கோட்டில் வந்து உட்காரும்படி பட்டையைச் சாய்த்துப் பிடியுங்கள். நடுவில் இரண்டு கோடுகள் பட்டையைக் கடக்கும் இடங்களில் புள்ளி வையுங்கள். மூன்று சம பங்கு. பட்டை நீளமாக இருந்து மூன்று கோட்டுக்குள் சாய்க்க முடியாவிட்டால் ஆறு கோடு எடுத்து இரண்டிரண்டாகக் குறியுங்கள். ஐந்தில் ஒன்று, ஏழில் ஒன்று எல்லாம் இதே வழிதான்.

கண்ணளவுக்குப் போதும் என்றால் கால் எடுத்து அதோடு வீசம் சேருங்கள். காலே வீசம் என்பது பதினாறில் ஐந்து. 200 மி.லி.யில் 62.5 வரும். உண்மையான மூன்றில் ஒன்று 66.7. ரசத்துக்கு இது போதும். மருந்துக்குப் போதாது.

அறிகுறி: புள்ளி வந்ததும் குழப்பம்

1.5 லிட்டரை ஒரு லிட்டர் ஐந்து மி.லி. என்று படிப்பது, 0.25 லிட்டர் 0.5 லிட்டரை விட அதிகம் என்பது. இருபத்தைந்து ஐந்தை விடப் பெரியதாயிற்றே! மூன்று இலக்கம் வரும்வரை பூஜ்யம் போட்டு நிரப்பச் சொல்லுங்கள். 0.500, 0.250. அப்படியே மி.லி. ஆகிவிட்டது. 1.5 என்றால் 1 லிட்டர் 500 மி.லி., 1.05 என்றால் 1 லிட்டர் 50 மி.லி. பெரியவர்களும் மருந்து பாட்டிலில் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள், அதனால் இதைச் சின்ன விஷயம் என்று விட மாட்டேன்.

அறிகுறி: அரிசிம்பருப்புச் சாதம் ஒரு நாள் குழைகிறது, ஒரு நாள் விறைக்கிறது

சொல்கிற அளவு எல்லா வீட்டிலும் ஒன்றுதான். அரிசி ஒரு டம்ளர், துவரம்பருப்பு கால் டம்ளர், தண்ணீர் ஒன்றுக்கு மூன்று. பிறகு ஏன்?

அரிசி அளந்த டம்ளரிலேயே தண்ணீர் அளந்தீர்களா என்று பாருங்கள். அரிசிக்கு ஒரு டம்ளர், தண்ணீருக்குக் கைக்கு வந்த சொம்பு என்றால் இங்கேயே முடிந்தது.

தலைதட்டி அளந்தீர்களா, கும்பாச்சியாக அளந்தீர்களா? தண்ணீரைக் கும்பாச்சியாக அளக்க முடியாது, அரிசியை முடியும். அமுச்சி (பாட்டி) கை நிறைய அள்ளிக் கோபுரமாக வைத்து ஒரு படி என்பார். மருமகள் விரலால் வழித்துவிட்டு ஒரு படி என்பார். படியிலேயே ஊருக்கு ஊர் வித்தியாசம் இருந்தது. மெட்ரிக் அளவைக் கொண்டுவந்த சட்டம் 1956-ல் வந்துவிட்டாலும் எங்கள் அடுப்படிகளில் படியும் ஆழாக்கும் இன்னும் இருக்கின்றன. இருக்கட்டும், ஆனால் ஒரு வீட்டுப் படியின் பக்குவத்தை இன்னொரு வீட்டுப் படியில் எதிர்பார்க்கக் கூடாது.

ஒன்றுக்கு மூன்று என்பதில் அந்த ஒன்று எது? அரிசிக்கு மட்டும் என்றால் தண்ணீர் மூன்று டம்ளர். பருப்பையும் சேர்த்து ஒன்றேகால் என்றால் மூன்றேமுக்கால். முக்கால் டம்ளர் வித்தியாசம். குழையும் வீடும் விறைக்கும் வீடும் இந்த முக்கால் டம்ளரில்தான் பிரிகின்றன. எங்கள் வீட்டில் அரிசிக்கு மூன்று, பருப்புக்கென்று அரை. அதைச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டேன், ஏனென்றால் என் வீட்டுக்காரருக்கு ஒவ்வொரு முறையும் சந்தேகம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் தப்பினால் அரிசியைப் பாருங்கள். புது அரிசி தண்ணீர் குறைவாகவே கேட்கும், பழைய அரிசி கூடக் கேட்கும். ஊறவைத்த தண்ணீரை வடித்தீர்களா, அதோடு இன்னும் அளந்து ஊற்றினீர்களா என்பதையும் பாருங்கள். கடைசியாகக் குக்கர். விசில் வருவதற்கு முன்பே மூடி ஓரத்தில் ஆவி கசிந்தால் தண்ணீர் அந்த வழியாகப் போகிறது. கேஸ்கட் மாற்றுங்கள். மாற்றியும் கசிந்தால் மூடியின் விளிம்பு நசுங்கியிருக்கும், அதைக் குக்கர் ரிப்பேர்க்காரரிடம் கொடுத்துவிடுங்கள். நாமே தட்டி நிமிர்த்துவது ஆபத்து.

பத்து டம்ளர் அரிசிக்கு முப்பது டம்ளர் தண்ணீர் என்று பெருக்கி ஊற்றவும் வேண்டாம். பாத்திரம் பெரிதாகும்போது ஆவியாவது அதே விகிதத்தில் கூடுவதில்லை. முதலில் இருபத்தேழு ஊற்றி, வெந்நீர் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். நூறு பேருக்கு என்றால் சமையல் மாஸ்டரைக் கூப்பிடுங்கள். அவர் டம்ளரையே தொட மாட்டார், அது வேறு வித்தை.

அறிகுறி: பிள்ளையின் டானிக், உப்புக் கரைசல் அளவில் சந்தேகம்

இந்த ஒரு இடத்தில் எளிய காரணம் என்று ஆற அமரத் தேட வேண்டாம்.

ஒரு ஸ்பூன் என்று சொன்னால் 5 மி.லி. அடுப்படி ஸ்பூன் அந்த அளவில் இருக்கும் என்று நம்பக் கூடாது. சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து உங்கள் ஸ்பூனில் ஊற்றிப் பாருங்கள். என் வீட்டில் இருக்கிற மூன்று ஸ்பூன்களும் மூன்று அளவு. பாட்டிலோடு வரும் மூடி, அல்லது சிரிஞ்சு, இரண்டில் ஒன்றுதான் சரி. பாட்டிலின் பெயர் ஒன்றாக இருந்தாலும் வலு ஒன்றாக இருக்காது. காய்ச்சலுக்குத் தரும் பாராசிட்டமால் சிரப்பில் 5 மி.லி.க்கு 120 மி.கி. உள்ளதும் உண்டு, 250 மி.கி. உள்ளதும் உண்டு. சொட்டு மருந்து இன்னும் அடர்த்தி, 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும். அக்கா பிள்ளைக்குச் சொன்ன மி.லி. அளவை உங்கள் பாட்டிலுக்குப் பொருத்த வேண்டாம். மருந்துக்கடையிலோ டாக்டரிடமோ பாட்டிலைக் காட்டிக் கேளுங்கள்.

உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டில் நடக்கும் தப்பு, ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரே டம்ளரில் கரைப்பது. கால் பாக்கெட், கால் லிட்டர் என்று பிரிப்பதும் சரிவராது, பொடியைக் கண்ணால் நாலாகப் பிரிக்க முடியாது. பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்று இருந்தால் ஒரு லிட்டர் முழுக்க. 200 மி.லி.க்கான சின்ன பாக்கெட் தனியாக வருகிறது, ஒரு டம்ளர் போதும் என்றால் அதை வாங்குங்கள். கரைத்தது 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடுங்கள். பிள்ளை குடிக்க மறுக்கிறது, சோர்ந்து கிடக்கிறது, கண் உள்ளே போயிருக்கிறது, ஒன்றுக்குப் போகவில்லை என்றால் அளவு பார்க்கும் நேரம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வண்டி இல்லையென்றால் 108.

அறிகுறி: டேங்கில் கலந்த மருந்து வேலை செய்யவில்லை, அல்லது இலை கருகுகிறது

அப்பாருவின் கோளாறு இது. சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துச் செய்யும், கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யாவை மஞ்சளுக்கு அடிக்கிறார். 3 சதம் என்று சொல்லியிருக்கிறார்கள். நூறில் மூன்று, ஆக 10 லிட்டர் டேங்குக்கு 300 மி.லி. பல வருடம் கைத்தெளிப்பானில் சரியாக ஓடியது. பிறகு பையன் 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயர் வாங்கிக்கொடுத்தான். அப்பாரு அதே 300-ஐ ஊற்றினார். "மருந்து சத்தில்லீங்க அம்மிணி" என்று வந்தார். மருந்தில் சத்து இருந்தது, முழுசு மாறியிருந்தது. பதினாறுக்கு 480 ஊற்ற வேண்டும்.

ஆகவே முதலில் டேங்க் எத்தனை லிட்டர் என்று பாருங்கள். மேலே எழுதியிருப்பதை நம்பாமல் லிட்டர் லிட்டராகத் தண்ணீர் ஊற்றி, நீங்கள் வழக்கமாக நிறைக்கும் மட்டத்தில் குறி போடுங்கள். அடுத்து, சொன்ன அளவு லிட்டருக்கா, டேங்குக்கா, ஏக்கருக்கா என்று பாருங்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று இருந்தால் ஏக்கருக்கு எத்தனை டேங்க் போகிறது என்று தெரியாமல் கணக்கே இல்லை. வெறும் தண்ணீரைப் பத்து சென்ட்டில் அடித்துப் பாருங்கள், எத்தனை லிட்டர் போனதோ அதன் பத்து மடங்கு ஏக்கருக்கு. மூன்றாவது, மூடியால் அளப்பது. ஒரு கம்பெனி மூடி இன்னொரு கம்பெனி மூடியாகாது.

ரசாயன மருந்தென்றால் அதற்கென்று தனிக் குவளை. அடுப்படி டம்ளரை, கழுவினாலும், திரும்ப உள்ளே கொண்டுவரக் கூடாது. இலை கருகினால் மறு மருந்து அடித்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். பாட்டிலையும் இலையையும் எடுத்துக்கொண்டு வேளாண் அலுவலரிடமோ, கோபியில் இருக்கிற வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ போங்கள். அடித்தவருக்குத் தலைசுற்றல், வாந்தி என்றால் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு.

அறிகுறி: கடையில் வாங்கியது வீட்டுக்கு வந்தால் குறைகிறது

பால் என்றால் நுரை. ஊற்றின கையோடு பார்த்தால் லிட்டர் தெரியும், நுரை அடங்கினால் இறங்கியிருக்கும். நான் வாங்கிய ஓரிடத்தில் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள், பார்க்க அழகாக இருக்கும். ஐந்து நிமிடம் வைத்துவிட்டு நம் குறி போட்ட பாட்டிலில் அளந்தேன். அடுத்த நாள் பாட்டிலை அங்கேயே கொண்டுபோய் அளக்கச் சொன்னேன், ஊற்றும் உயரம் குறைந்துவிட்டது.

எண்ணெய் என்றால் பெரும்பாலும் ஏமாற்று இல்லை, இரண்டு முழுசு கலந்த குழப்பம். எண்ணெய் தண்ணீரை விட லேசு. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம். காங்கேயம் பக்கம் செக்கில் தேங்காய் எண்ணெய் வாங்கி வந்து தராசில் வைத்து, "கிலோவுக்கு 90 கிராம் குறையுது" என்று சண்டைக்குக் கிளம்பிய என் நாத்தனார் வாங்கியது ஒரு லிட்டர். சரியாகத்தான் இருந்தது. எதிர்ப்பக்கம் பாருங்கள்: விலை கிலோவுக்கு என்று சொல்லிவிட்டு லிட்டர் அளவையில் ஊற்றினால் அந்த 90 கிராம் உங்களுடையது. விலை கேட்கும்போதே "லிட்டருங்களா, கிலோங்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டும் இல்லை, அளவையே சந்தேகம் என்றால் அதில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முகத்தல் அளவைகளுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, எலக்ட்ரானிக் தராசுக்கு வருடத்துக்கு ஒருமுறை முத்திரை புதுப்பிக்க வேண்டும். அடி உள்ளே தட்டியிருக்கிறதா, நசுங்கியிருக்கிறதா என்று கையை விட்டே பார்க்கலாம். முத்திரை இல்லை, கேட்டால் முறைக்கிறார்கள் என்றால் தொழிலாளர் துறையின் கீழ் இருக்கிற எடையளவு அலுவலரிடம் புகார் தரலாம். நுகர்வோர் உதவி எண் 1915. புகாருக்கு முன்னால் ஒரு வேலை: வீட்டில் அளந்த அந்த ஜாம் பாட்டிலின் ரப்பர் பேண்டு, கழுவும்போது நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எனக்கு ஒருமுறை நகர்ந்திருந்தது.